எழுதுவது ஒன்று, கூப்பிடுவது ஒன்று
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



“ஸ்காட்லாந்து அனுபவத்தைப் பத்து நிமிஷம் பேசுங்க” என்றார் செயலாளர். நான் ஒரே ஒரு பெயரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1984-ல் மேற்படிப்புக்காக கிளாஸ்கோ போனேன். முதல் கருத்தரங்கிலேயே நன்றியுரை என் தலையில் விழுந்தது. தலைமை வகித்த பேராசிரியரின் குடும்பப் பெயரை, தாளில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டி, ‘டால்ஸீல்’ என்று முழங்கினேன். அரங்கமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்தப் பெயரைச் சொல்வது ‘டீ-எல்’ என்றாம்! நடுவே நிற்கும் இசட், இசட்டே இல்லை. பழைய ஸ்காட்ஸ் மொழியில் ‘யோக்’ என்று ஓர் எழுத்து இருந்தது. பார்வைக்கு 3 மாதிரி. ஒலி யகரத்தை ஒட்டியது. அச்சு வந்தபோது அச்சுக்கூடங்களில் அந்த எழுத்து இல்லை. உருவத்தில் நெருங்கிய இசட்டைக் கோத்து வேலையை முடித்துவிட்டார்கள். ‘மென்ஸீஸ்’ என்று எழுதி ‘மிங்கிஸ்’ என்று சொல்வதும் இதே கதைதான். 1962 முதல் 2005 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்த டாம் டீ-எல் குடும்பத்தார் மட்டும் புத்திசாலித்தனமாக இசட்டுக்குப் பதில் ஒய் போட்டு எழுதினார்கள்.

பெயரின் மூலம் ஓர் ஊர். மதர்வெல் பக்கம், கிளைடு ஆற்றங்கரையில் இருந்த பழைய நிலப்பிரபுத்துவம். கேலிக் மொழியில் முதல் பாதிக்கு ஆற்றோர வயல் என்று அர்த்தம். பின் பாதியை ‘வெள்ளை’ என்பவர்கள் உண்டு. நம்ம தாத்தாக்கள் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொண்ட மாதிரிதான். ஆனால் குடும்பக் கதை வேறு. அரசனின் உறவினனை எதிரிகள் தூக்கில் தொங்கவிட, உடலை இறக்கி வர ஒருவன் ‘நான் துணிவேன்’ என்றானாம், அதுவே பெயராச்சாம். மொழிப்படி இது நிற்காது. என்றாலும் குடும்ப வாசகம் இன்றும் ‘துணிவேன்’தான், சின்னத்தில் ஓர் ஆடையில்லாத மனிதன் நிற்கிறான்.

“இப்போது உன் பெயரைச் சொல்” என்றார்.

“எழிலரசன்.”

தாளைப் பார்த்து ‘எஸிலரசன்’ என்று படித்தார். ழகரத்துக்கு நாமும் அதே இசட்டைத்தானே கடன் வாங்கியிருக்கிறோம்! நாக்கை மடித்துக் காட்டினேன். நாலு நாள் பிடித்தது அவருக்கு. ஐந்தாம் நாள் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல். ‘எழில்’ அச்சுப் பிசகாமல் வந்தது. ‘அரசன்’தான் ‘அராஸன்’ ஆகியிருந்தான்.