கைக்குழந்தைக்குக் காய்ச்சலா?

குனோங் ராபாட் தாய்மார்களே, பாட்டிமார்களே! பிள்ளைக்கு உடம்பு சுட்டால் திருநீறு பூசுங்கள், தவறில்லை. அதோடு நின்றுவிடாதீர்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சலே அவசரம்தான். அழாதபோது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அது 60ஐத் தொட்டாலும், விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் ஆபத்து. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காதது, வலிப்பு, உதடு நீலம் பாய்வது, மஞ்சள் நிறம் உள்ளங்கால்வரை பரவுவது, இவற்றில் ஒன்று போதும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் இயங்குகிறது; ஆம்புலன்ஸுக்கு 999. பெற்றவள் "பிள்ளை சரியில்லை" என்றால் நம்புங்கள், உடனே கிளம்புங்கள்.