பழைய ஜீப்பின் ரீங்காரம்: ஓசையைக் கொண்டு பழுதை அறிதல்

பழைய நாற்சக்கர இயக்க வண்டி ஓடும்போது அடிப்பகுதியிலிருந்து எழும் ரீங்காரம் எந்த உறுப்பினுடையது என்று கண்டறிவது, கூர்மையான செவியைக் காட்டிலும் ஒழுங்கான விலக்கல் முறையை நம்பி நடக்கும் கலை. ஓசை சேசிஸ் என்னும் இரும்புச் சட்டகத்தின் வழியே பரவுவதால், பின் அச்சில் பிறந்த முரலல் ஓட்டுநரின் காலடியில் கேட்பதும், முன் சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கக் கியர் பாக்ஸ் பிரிக்கப்படுவதும் பட்டறைகளில் நடப்பவையே. ஆகவே தேர்ந்த மெக்கானிக், வண்டி ஓடும் நிலைமைகளுள் ஒன்றை மட்டும் மாற்றி, அதற்கேற்ப ஓசை மாறுகிறதா என்று கவனிக்கிறார்.

அமெரிக்க வில்லீஸ் ஜீப்பைத் தழுவி மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் பல பத்தாண்டுகள் தயாரித்த சிஜே-3பி ரக வண்டியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். போடியிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்களுக்கு இந்த ரகம் மூத்த உறவு. இதில் எஞ்சினின் சுழற்சி, கியர் பாக்ஸைக் கடந்து, அதன் பின்னால் பொருந்தியுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் பகிர்வுப் பெட்டியை அடைந்து, அங்கிருந்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எனப்படும் இரு நீண்ட தண்டுகள் வழியே முன்னும் பின்னுமுள்ள டிஃபரன்ஷியல்களுக்குச் செல்கிறது. அவற்றினுள் பினியன் என்னும் சிறிய பற்சக்கரம் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்ற, சக்கரங்கள் உருள்கின்றன. இத்தனை இடங்களிலும் பேரிங் உண்டு, பல இடங்களில் பல்லும் உண்டு என்பதால், ஐயத்திற்குரியவற்றின் பட்டியல் சிறிய கார்களில் உள்ளதைவிட நீளமானது.

முதலில் தெளிய வேண்டியது, ஓசை எஞ்சினின் வேகத்தைத் தொடர்கிறதா, சாலை வேகத்தைத் தொடர்கிறதா என்பதே. வெறிச்சோடிய சமதளச் சாலையில் ஓசை நன்கு கேட்கும் வேகத்தை எட்டியபின், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து வண்டியைத் தானாக உருளவிட்டால், எஞ்சின் அடங்கிய பின்னும் நீடிக்கும் ரீங்காரம் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கோ அதற்கு அப்பாலுள்ள உறுப்புகளுக்கோ உரியது. மலை இறக்கத்தில் இச்சோதனை கூடவே கூடாது. மாறாக, நின்றிருக்கும் வண்டியில் எஞ்சின் ஓடும்போது கேட்டு, கிளட்சை மிதித்ததும் மறையும் ஓசை கியர் பாக்ஸின் உள்வாங்கு தண்டையோ லே ஷாஃப்ட் என்னும் துணைத்தண்டையோ தாங்கும் பேரிங்குகளைச் சுட்டும். டாப் கியரில் சுழற்சி துணைத்தண்டின் மேல் சுமை வைக்காமல் நேரே கடந்துவிடுவதால், கீழ்க் கியர்களில் முரன்று டாப் கியரில் அமைதியாகும் வண்டியில் அந்த ஐயம் மேலும் வலுப்பெறுகிறது.

அடுத்தது சுமை. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது பினியன் பற்களின் ஒரு முகமும், காலை எடுக்கும்போது மறுமுகமும் கிரவுனோடு உராய்வதால், இழுக்கையில் ஒரு விதமாகவும் விட்டதும் வேறு விதமாகவும் ஒலிப்பது பெரும்பாலும் டிஃபரன்ஷியலின் குரல். சுமையைப் பொருட்படுத்தாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைவது சக்கரப் பேரிங்கின் குரல். வலப்புறம் திரும்பும்போது பாரம் இடச்சக்கரங்களின் மேல் சாய்வதால், அப்போது ஓங்கும் ஓசைக்கு இடப்பக்கத்தையே முதலில் தூக்கிப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு ஏறியதும் ஓசை மாறினால், பேரிங்கையும் பினியனையும் விட்டு டயரைப் பார்ப்பதே முறை; முரட்டுப் பல் கொண்ட சேற்று டயர்கள் இவ்வகையில் பலரை ஏமாற்றியிருக்கின்றன.

ஓசையின் சுருதியும் சாட்சி சொல்லும் என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டும். சிஜே-3பியின் பினியனில் 8 பற்களும் கிரவுனில் 43 பற்களும் உள்ளன; மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் அதன் 16 அங்குல ரிம்மில் ஏறிய டயர் நொடிக்கு ஏறக்குறைய ஐந்தரை முறை சுற்றுகிறது. எனவே அதே நொடியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 30 சுற்றுச் சுற்ற, கிரவுனும் பினியனும் ஏறக்குறைய 240 முறை பல்லோடு பல் மோதுகின்றன. சக்கரத்தின் குறை தடதடப்பாகவும், ஷாஃப்டின் குறை இருக்கையில் உணரும் நடுக்கமாகவும், பல்லின் குறை பாடத்தக்க ஒரு சுரமாகவும் வெளிப்படுவது இதனால்தான். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை உறையில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பட்டறை வழக்கத்துக்குத் தகுதிக்கு மீறிய மதிப்பு இருக்கிறது. ஏனெனில் அப்படிக் கேட்க வண்டியை ஜாக்கியில் தூக்கியே ஓட்ட வேண்டும்; அப்போது சுமையின்றிச் சுழலும் பற்கள் சாலையில் பேசும் மொழியைப் பேசுவதில்லை.

முன் அச்சையும் பின் அச்சையும் பிரித்தறிய, ஃப்ரீவீலிங் ஹப் பொருத்திய வண்டிகளில் எளிய வழி உண்டு. சக்கரத்தை அச்சோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் இந்த ஹப்பை விடுவித்தால் முன் டிஃபரன்ஷியல் அசையாது நிற்கும். வண்டி இருசக்கர இயக்கத்திலேயே இருக்க, ஹப்பை மட்டும் இணைத்து ஓட்டும்போது புதிதாக எழும் ஓசை முன்பக்கத்துக்கே உரியது. ஹப் இல்லாத வண்டியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்ப்பர். கைப்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனை ட்ரம்மில் பிடிக்கும் பழைய ஜீப்களில், பின் ஷாஃப்டைக் கழற்றியதும் அந்தப் பிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்காது என்பதால், சக்கரத்துக்குக் கல் வைக்காமல் அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

எல்லா ரீங்காரமும் பழுதன்று என்பதும் இக்கலையின் பகுதி. இந்த ஜீப்களின் ஸ்பைசர் 18 வகை டிரான்ஸ்ஃபர் கேஸ், சாதாரண ஓட்டத்திலும் இடைப் பற்சக்கரம் ஒன்றின் வழியாகவே சுழற்சியைக் கடத்துவதால், புதிதாக இருந்தபோதே முனகிய பெட்டி அது. எண்ணெய் மட்டம் சரியாக இருந்து, எண்ணெயில் இரும்புத் துகள் மின்னாமல், ஓசையும் மாதக்கணக்கில் வளராமல் இருந்தால், அதைப் பிரிக்காமல் விடுவதே அறிவுடைமை. கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று இழைக்கப்பட்ட இணை. அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றினாலோ, ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை வைத்துப் பல் பதியும் இடத்தைச் சாயம் தடவிச் சரிபார்க்காமல் பூட்டினாலோ, அமைதியாக இருந்த டிஃபரன்ஷியலும் பட்டறையை விட்டு முரன்றுகொண்டே வெளியேறும்.