ஒற்றர் கதையில் காதல்

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கென்று தனி அதிகாரம் ஒன்றை வகுத்திருக்கிறார். திருக்குறளின் 59-ஆம் அதிகாரம் அது, பொருட்பாலைச் சேர்ந்தது. காதலைப் பேசும் காமத்துப்பாலோ 109-ஆம் அதிகாரத்தில்தான் தொடங்குகிறது. ஒற்றருக்கும் காதலருக்கும் நடுவே 49 அதிகாரங்கள் நிற்கின்றன. இந்த இடைவெளி தற்செயலாக அமைந்ததென்றே வைத்துக்கொள்வோம். எனினும் அதில் ஒரு பொருத்தம் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது வள்ளுவர் அரசனுக்குக் கூறும் அறிவுரை. ஐயப்படுதலே ஒற்றுத் தொழிலின் அடிப்படை. காதலுக்கோ ஐயம் பகை. ஆகவே, ஒற்றுத் துறையில் இருந்தவர்களைக் கொண்டு காதற் கதை சொல்லப் புகும் ஆசிரியர், ஒன்றுக்கொன்று இணங்காத இரண்டு காளைகளை ஒரே வண்டியில் பூட்டுகிறார். அந்த வண்டி ஊர் போய்ச் சேர்ந்ததா, வழியில் குடை சாய்ந்ததா என்பதில் வாசகர்களிடையே அபிப்பிராய பேதம் எழுவது இயற்கையே.

அத்தகைய நாவல் ஒன்றைப் பற்றியும், அதைப் படித்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்ததைப் பற்றியும் இன்று சிறிது பேசலாமென்று எண்ணுகிறோம். நாவலின் பெயர் 'தி கெமிஸ்ட்'. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெபனி மேயர் எழுதியது. 2016 நவம்பரில் வெளிவந்தது. இரத்தம் குடித்து வாழும் இனத்தைச் சேர்ந்த இளைஞன் ஒருவனுக்கும் பள்ளி மாணவி ஒருத்திக்கும் நேர்ந்த காதலை 'ட்வைலைட்' என்ற பெயரில் 2005-இல் எழுதி, உலகெங்கும் பெயர் பெற்றவர் அவர். அந்த மாயக் கதைகளை விடுத்து, பெரியவர்களுக்கான ஒற்றர் கதைக்கு அவர் வந்தது பலருக்கு வியப்பாக இருந்தது.

நாம் வாழும் ஊர்களில் 'கெமிஸ்ட்' என்ற பலகை மருந்துக் கடையின் வாயிலில் தொங்கும். இக்கதையின் நாயகி மருந்து விற்பவள் அல்லள், இரசாயனம் கற்றவள். அமெரிக்க அரசாங்கத்தின் இரகசியத் துறை ஒன்றில் பணியாற்றியவள். உடலில் வடு எதனையும் விடாமல் தாங்கொணா வேதனையை உண்டாக்கும் மருந்துகளை ஆக்குவதும், அவற்றைக் கைதிகளுக்குச் செலுத்தி அவர்கள் வாயிலிருந்து செய்திகளை வரவழைப்பதும் அவள் தொழில். அறியத் தகாததை அறிந்துவிட்டாள் என்று கருதி, அந்தத் துறையே அவளைத் தீர்த்துவிட முனைகிறது. அவளுடைய ஆசான் கொல்லப்படுகிறார். அவள் தப்பியோடுகிறாள். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, ஒளிந்து வாழ்கிறாள். கட்டிலில் படுப்பதில்லை; குளியல் தொட்டிக்குள், நச்சுப் புகையைத் தடுக்கும் முகமூடியணிந்து உறங்குகிறாள். அயலான் எவனேனும் அறைக்குள் நுழைந்தால் அவனைக் கொல்வதற்கு நச்சு வாயுப் பொறி ஒன்றையும் அமைத்து வைத்திருக்கிறாள்.

இந்நிலையில் பழைய மேலதிகாரி ஒருவர் அவளுக்குச் செய்தி அனுப்புகிறார். இன்னும் ஒரே ஒரு வேலையை முடித்துக் கொடுத்தால் பழைய பகை தீரும் என்கிறார். டேனியல் என்ற பள்ளி ஆசிரியன் கொடிய நோய்க் கிருமியைப் பரப்பும் சதியில் ஈடுபட்டிருப்பதாகவும், அவனைப் பிடித்து விசாரிக்க வேண்டுமென்றும் கூறுகிறார். அவள் வாஷிங்டன் நகரத்து ரயிலில் டேனியலைச் சந்திக்கிறாள்; மயக்க மருந்து கொடுத்துக் கடத்துகிறாள்; கட்டிப் போட்டுத் தன் மருந்துகளைச் செலுத்துகிறாள். அவனோ ஒரு பாவமும் அறியாதவன். அவனுடைய இரட்டைச் சகோதரனும் சி.ஐ.ஏ.வின் முன்னாள் ஒற்றனுமான கெவின் வந்து மோதிய பிறகே, எல்லோரும் வஞ்சிக்கப்பட்ட உண்மை வெளியாகிறது. இதற்குள் டேனியல் அவள்மீது காதல் கொண்டுவிடுகிறான்; அவள் நெஞ்சமும் அவன்பால் நெகிழ்கிறது. பின்னர் மூவரும் தம் பகைவரைத் தேடிப் புறப்படுகிறார்கள். முடிவை இங்கே உரைத்துவிடுவது முறையன்று.

இந்த நாவலைக் கொண்டாடியவர்கள் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத் தக்கவை அல்ல. நாயகி உருவத்தில் சிறியவள். தோள்வலி மிக்க ஆடவரிடையே முன்யோசனையாலும் கற்ற கல்வியாலும் உயிர் பிழைக்கிறாள். ஒற்றர் கதைகளில் ஆண் காப்பாற்றுவான், பெண் காப்பாற்றப்படுவாள் என்பது நெடுநாளைய வழக்கம். இங்கே அது தலைகீழாகியிருக்கிறது. காப்பவள் பெண், சமையல் செய்து, அன்பு காட்டி, அஞ்சியும் நடுங்கியும் உடன் வருபவன் ஆண். கெவின் அவளை 'ஒலியாண்டர்' என்று அழைப்பதும், அதாவது அரளி என்று அழைப்பதும், அவர்களிருவரும் ஓயாமல் சண்டையிட்டுக்கொள்வதும் நகைச்சுவைக்குக் குறைவில்லாமல் செய்கின்றன. டெக்ஸாஸ் பண்ணையில் கெவின் பழக்கி வைத்திருக்கும் நாய்களை விரும்பாத வாசகர் இருப்பது அரிது.

குறை கூறியவர்களின் பட்டியலும் சிறிதன்று. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. தொடக்கத்தில் நாயகியின் முன்னேற்பாடுகளை விவரிப்பதிலேயே பல பக்கங்கள் கழிகின்றன என்றனர் சிலர். ஆசிரியரின் பழைய கதைகளிலிருந்த கனவுலகம் இதில் இல்லையே என்று வருந்தினர் வேறு சிலர். ஒற்றர் கதைப் பிரியர்களோ இதில் காதல் சர்க்கரை கூடிவிட்டது என்றனர். இவையெல்லாம் ரசனையைச் சேர்ந்த குறைகள். எந்தப் புத்தகத்துக்கும் நேர்வன. ஆனால் எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. தன்னைக் கட்டிவைத்து வதைத்த ஒருத்தியை ஒருவன் சில நாட்களுக்குள் எப்படிக் காதலிக்க முடியும் என்பதே அது.

நாவலை விரும்பியவர்கள் இதற்கு விடை கூறாமல் இல்லை. ரயிலில் கண்ட பொழுதே டேனியல் மனத்தைப் பறிகொடுத்துவிட்டான். காதல் முந்தியது, வதை பிந்தியது என்பது அவர்கள் வாதம். அவளும் ஏமாற்றப்பட்டவளே அன்றோ என்றும் கேட்கிறார்கள். இன்னொரு நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஆசிரியர் இந்நூலை ஜேசன் போர்ன் என்ற கதாபாத்திரத்துக்குச் சமர்ப்பித்திருக்கிறார். இராபர்ட் லட்லம் 1980-இல் எழுதிய 'தி போர்ன் ஐடென்டிட்டி' என்னும் நாவலில், நினைவிழந்த நாயகன் சூரிச் நகரில் மேரி என்ற கனடா நாட்டுப் பொருளாதார அறிஞரைப் பிணையாகப் பிடித்து, அடித்தும் மிரட்டியும் இழுத்துச் செல்கிறான். அவளே பின்னர் அவனைக் காதலிக்கிறாள். அந்த நாவலை உலகம் விரும்பிப் படித்தது. ஆடவன் கடத்தினால் வீரக் காதல், பெண் கடத்தினால் நம்ப முடியாத காதலா என்று கேட்டால், கேட்பவரை எளிதில் மடக்கிவிட முடியாது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். லட்லத்தின் கதையில் கொடுமைக்கும் காதலுக்கும் நடுவே ஒரு செயல் நிற்கிறது. தப்பிய மேரி கொலைகாரரிடம் சிக்கிக்கொள்கிறாள். தன்வழியே ஓடியிருக்கக் கூடிய போர்ன், உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வந்து அவளை மீட்கிறான். அவள் மனம் மாறியதற்குரிய காரணத்தை வாசகன் கண்ணால் காண்கிறான். அப்படியிருந்தும், 2002-இல் இந்நாவலைத் திரைப்படமாக்கியவர்கள் பிணை பிடிக்கும் கட்டத்தையே நீக்கிவிட்டார்கள். படத்தில் மேரி பணம் பெற்றுக்கொண்டு, தன் காரில் அவனைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் செல்கிறாள். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் அந்தத் தொடக்கத்தை மாற்றிவிட்டே காதலைத் தொடர்ந்தார்கள் என்பது எண்ணத் தக்கது.

இங்கே உண்மையான சிக்கல் காலத்தைப் பற்றியது என்று நாம் கருதுகிறோம். பரபரப்புக் கதைக்குக் காலம் குறுகியிருக்க வேண்டும். பகைவன் வாசலில் நிற்கிறான், விடிவதற்குள் தப்ப வேண்டும் என்றால்தான் பக்கங்கள் புரளும். மன்னிப்புக்கோ காலம் நீண்டிருக்க வேண்டும். பட்ட புண் ஆற வேண்டும். புண்படுத்தியவர் அதை உணர வேண்டும். உணர்ந்ததைப் புண்பட்டவர் நம்ப வேண்டும். இவற்றில் எதையும் அவசரப்படுத்த இயலாது. வள்ளுவர் காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே ஒதுக்கியிருக்கிறார். தலைவன் தும்மினாலும் குற்றம், தும்மலை அடக்கினாலும் குற்றம் என்று பிணங்குபவள் அவர் காட்டும் தலைவி. இத்தனை சிறு பிழைகளுக்கு மூன்று அதிகாரங்கள்! நம் டேனியலோ இத்தனை பெரிய கொடுமைக்கு மூன்று நாட்கள்கூட முழுமையாக ஊடவில்லை. அவனுடைய பொறுமையைக் கண்டு சிலர் உருகினர். சிலர் அவனை மனிதனென்றே நம்ப மறுத்தனர். இரு சாராரும் படித்த பக்கம் ஒன்றே.

பொழுதுபோக்குக் கதைக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். இக்கதையில் வரும் வதை வெறுங்கற்பனையாக இருந்தால் வேண்டியதில்லை. ஆனால் நாவல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2014 டிசம்பரில், அமெரிக்க செனட் சபையின் உளவுத் துறைக் குழு ஓர் அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் சி.ஐ.ஏ. தன் பிடியிலிருந்த கைதிகளை நடத்திய விதம் பற்றியது அது. சுருக்கமே ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அத்தகைய முறைகள் செய்திகளைப் பெறுவதற்குப் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்பது அதன் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. சி.ஐ.ஏ. இதனை மறுத்தது, குழுவின் உறுப்பினர்களிலேயே ஒரு பகுதியினர் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தனர். வதையைப் பற்றிய வழக்கு நாவல் வாசகர்களிடையே மட்டுமின்றி ஆட்சி மன்றத்திலும் நடந்த ஒன்று.

அந்த முறைகளுக்கு அதிகாரிகள் இட்ட பெயர் 'மேம்படுத்திய விசாரணை முறைகள்' என்பது. அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்தகைய சொற்களைக் கண்டால் பேனா சற்று நின்றுவிடும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மொழிபெயர்ப்பு வழுவற்றது. படிப்பவனுக்கு அங்கே நடந்தது என்னவென்று மட்டும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் நாவலாசிரியர் அதிகாரிகளைவிட நேர்மையானவர். கட்டுண்டவனின் கதறலை அவர் மறைக்கவில்லை.

மேலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் தொழிலில் தேர்ந்தவள் என்று பெயரெடுத்த நாயகி, தன் மருந்துகள் அனைத்தையும் கொண்டு டேனியலிடமிருந்து பெற்ற செய்தி என்ன? ஒன்றுமில்லை. சொல்வதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. வேதனை அறிவைத் தராது என்பதற்குக் கதையின் நடுவிலேயே இவ்வளவு வெளிப்படையான சான்று கிடக்கிறது. ஆசிரியர் அங்கே சிறிது தங்கியிருக்கலாம். இத்தனை நாள் நாம் செய்த வேலை என்ன, நம் கைப்பட்டவர்களில் இவனைப் போன்றவர் எத்தனை பேர் என்று அந்தப் பெண் ஓர் இரவு முழுதும் உறங்காமல் எண்ணியிருந்தால், டேனியலின் மன்னிப்புக்கும் ஒரு நிறை கிடைத்திருக்கும். ஆனால் கதை விரைகிறது, துப்பாக்கிகள் காத்திருக்கின்றன.

ஆகவே நாம் எந்தக் கட்சி? விளையாட்டாகப் படித்தால் இது நன்றாக ஆடிய விளையாட்டு என்போரோடு உடன்படுகிறோம். காதற் கதையாகப் படித்தால் இதில் ஓர் அதிகாரம் குறைகிறது என்போரோடும் உடன்படுகிறோம். குறைந்த அதிகாரம் ஊடல்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் தாயும் மகளும், அண்ணனும் தங்கையும் ஒரே ஆங்கில நாவலைக் கைமாற்றிப் படிப்பதுண்டு. ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காமற் போனால், 'உனக்கு ரசனை போதாது' என்று பேச்சை முடித்துவிடுகிறோம். அங்கேதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது நம் விண்ணப்பம். எந்தப் பக்கத்தில் மனம் ஒட்டாமல் விலகிற்று, ஏன் விலகிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். இந்த நாவலைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி, நமக்குத் தீங்கிழைத்தவரை நாம் எவ்வளவு காலத்தில், எதைக் கண்டு மன்னிப்போம் என்ற இடத்தில் போய் நிற்கும். அதற்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே விடை கூறுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.