போய் இருந்து படிக்கிற மொழி



சோழபுரத்தில் நடக்கும் இந்த நூலக விழாவுக்கு அழைத்தபோது, "நம்ம பிள்ளைகளுக்கு உபயோகப்படுற மாதிரி பேசுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் பிரெஞ்சு படித்தவன், அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். ஆகவே, ஊரை விட்டுப் போய்த் தங்கி ஒரு மொழியைப் படிப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சோழபுரத்துக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு மொழி மனிதனுக்குள் எப்படிப் போகிறது என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பேன்.

ராஜபாளையத்தில் எத்தனை வீடுகளில் அடுப்படியில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிறார்கள்! அந்தப் பிள்ளைகளுக்கு யார் இலக்கணப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள்? நம் நூல் மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வருகிறார்கள். வந்த புதிதில் சைகை காட்டுவார்கள். சில மாதம் கழித்துப் பாருங்கள், டீக்கடையில் நின்று "அண்ணே, சீனி கம்மியா" என்கிறார்கள். அவர்கள் எந்த டியூஷனுக்குப் போனார்கள்? வாழ்ந்தார்கள், மொழி வந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியை நம் நகரத்துப் பள்ளிகளில் பார்க்கிறேன். பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கிறார்கள். காரணம், மதிப்பெண். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையிடம் "உன் ஊர் எது?" என்று பிரெஞ்சில் கேளுங்கள், விழிக்கும். தமிழும் போயிற்று, பிரெஞ்சும் வரவில்லை. இரண்டு மொழிக்கும் செய்த அநியாயம் இது. மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த மொழி விடைத்தாளோடு கட்டிவைக்கப்பட்டுப் போய்விடும்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? கனடாவில் மான்ட்ரியால் நகரை ஒட்டி செயின்ட் லம்பேர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இருந்த ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் பிரெஞ்சு பேச வரவில்லையே என்று பார்த்தார்கள். விடாமல் கேட்டு, 1965இல் ஒரு மழலையர் வகுப்பை முழுக்க முழுக்க பிரெஞ்சிலேயே தொடங்க வைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பெர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1972இல் புத்தகமாகவே எழுதினார்கள். பிள்ளைகளுக்கு பிரெஞ்சு நன்றாக வந்தது. ஆங்கிலமும் கெடவில்லை. ஏன் கெடவில்லை? வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் ஊன்றி நின்றது. பெற்றோர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழ் ஊன்றி நின்றால், பிள்ளை எந்த மொழிக்குள் முங்கினாலும் கரையேறி வந்துவிடும்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சாயங்காலம் ராஜபாளையத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் விழுப்புரம், அங்கிருந்து பஸ்ஸில் புதுச்சேரி. 1674இல் பிரெஞ்சுக்காரர் காலூன்றிய ஊர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1962இல் சட்டப்படியும் இணைந்தது. ஆட்சி போனாலும் மொழி போகவில்லை. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1889இலிருந்து அங்கே பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. 1955இல் வந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். புதுவைத் தெருவில் இறங்கினால் காதில் விழுவது தமிழ்தான். சும்மா போய் இருந்தால் பிரெஞ்சு வராது. வகுப்பு, நூலகம், பிரெஞ்சு பேசும் பெரியவர்கள் என்று தேடிப் போகவேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் மூன்று பேர் ஒரே அறையில் தங்கக்கூடாது. போனில் நம் ஊர்ப் படமே பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. முதல் சில வாரம் வாய் திறக்காது. காது திறந்திருக்கும், அது போதும்.

வகுப்பில் நான் கண்கூடாகப் பார்ப்பது ஒன்று. பிரெஞ்சில் மூக்கால் சொல்லும் உயிரொலிகள் உண்டு. வடக்கே உள்ளவர்களுக்கு அது புதிதல்ல, ஆங்கிலேயர் தடுமாறுவார்கள், நம் பிள்ளைகளும் பயப்படுவார்கள். நான் சொல்வேன்: "மரம்" என்று நீ எழுதுகிறாய், ஆனால் பேசும்போது உன் உதடு கடைசியில் சேருகிறதா? "வந்தான்" என்று பேசும்போது நாக்கு மேலே ஒட்டுகிறதா? இல்லை, ஒலி மூக்கில் போய் முடிகிறது. அதே மூச்சில் இந்த பிரெஞ்சுச் சொல்லையும் சொல். சொன்னதும் முகம் மலர்ந்துவிடும். தன் வீட்டுப் பேச்சே தனக்குத் துணையாக வருகிறது என்று தெரிந்த பிள்ளைக்குக் கூச்சம் போய்விடும். நீ, நீங்கள் என்ற மரியாதை வித்தியாசமும் பிரெஞ்சில் உண்டு. அதையும் நம் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

பிரான்ஸுக்கே போகிற வழியும் திறந்திருக்கிறது. 2030க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பதை இலக்காக அந்த நாடு அறிவித்திருக்கிறது. போகிறவர்களில் நம் பெண் பிள்ளைகளும் இருக்கவேண்டும். "பொட்டப்பிள்ளையைத் தனியா எப்படி அனுப்புறது?" என்று கேட்கிறீர்கள். கேட்பது பாசத்தில்தான், புரிகிறது. ஆனால் படிப்புக்குப் போடுகிற பூட்டை, கல்யாணம் பண்ணிக் கண்காணாத ஊருக்கு அனுப்பும்போது நாம் போடுவதில்லையே! விடுதியை நேரில் பாருங்கள், நடத்துகிறவர்களிடம் விசாரியுங்கள், பிறகு தைரியமாக அனுப்புங்கள்.

போனால் தமிழ் போய்விடுமோ என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. பாரிஸில் லா ஷப்பல் பக்கம் போனால் ஈழத்தமிழர் கடைகள், தமிழ்ப் பெயர்ப் பலகைகள். அங்கே மாணிக்க விநாயகர் தேர் ஆண்டுதோறும் தெருவில் உலா வருகிறது. மான்ட்ரியாலில் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சும் கடைவீதியில் ஆங்கிலமும் அம்மாவிடம் தமிழுமாக வளர்கிறார்கள். ஈழப் போரில் எல்லாம் இழந்து போனவர்களே மொழியைக் காக்கும்போது, பத்திரமாகப் போய் வரப்போகிற நாம் காக்க மாட்டோமா?

புதுவையில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு அதிகாரிகளோடு நாள்தோறும் பழகியவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு எந்த மொழியில்? தமிழில்! அன்றைய அரசியல், வணிகம், தெருச்செய்தி எல்லாம் அதில் கிடக்கிறது. நம் காலத்தில் மொழிபெயர்ப்பாளர் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சு கற்றார். 1980இல் அவரால் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' ஆங்கிலத்தின் வழியாக இல்லாமல் மூலத்திலிருந்தே தமிழுக்கு வந்தது. அடுத்து அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து 'குட்டி இளவரசன்' என்ற பிரெஞ்சுக் கதையைத் தந்தார்கள். மொழி படித்தவர் தம் வீட்டுக்கு என்ன கொண்டுவரலாம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நம்முடையதை அங்கே கொண்டுபோகிற மறுபக்கமும் இருக்கிறது. நம் கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் தம் ஊர் இடைசெவலை விட்டுப் போய் கடைசிவரை புதுவையில் வாழ்ந்தார். 2021இல் அங்கேதான் மறைந்தார். கரிசல் பேச்சு ஒரு இம்மி குறையவில்லை. அந்தப் பேச்சின் வெக்கையும் ருசியும் தெரிந்து, அதை பிரெஞ்சுக்காரன் காதில் ஏற்றவேண்டும் என்றால், அதற்கு கம்மங்கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளை வேண்டும். இங்கே தரையில் உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவர் வேண்டும்.

ஆகவே பிள்ளைகளே, போங்கள். தமிழை விட்டுவிட்டுப் போகாதீர்கள், தமிழோடு போங்கள். போன இடத்தில் கூச்சமில்லாமல் பேசுங்கள். அங்கே உள்ளதை இங்கே கொண்டுவாருங்கள், இங்கே உள்ளதை அங்கே கொண்டுசேருங்கள். பெற்றோர்களே, வழிச்செலவுக்குப் பணம் கொடுப்பதோடு உங்கள் நம்பிக்கையையும் கொடுத்தனுப்புங்கள். நூலகத்தாரிடம் ஒரே விண்ணப்பம்: பிரெஞ்சு அகராதி ஒன்றும், பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த நூல்களும் இந்த ஆண்டே வாங்கி வையுங்கள். முதலில் எடுத்துப் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பேசவும் கற்றுக்கொடுக்க நான் வருகிறேன். இது இந்த மேடையில் உங்கள் முன்னால் கொடுக்கிற வாக்கு.