பண்பு பெயராகும் பொழுது



2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பத்தில், உளி எதை நீக்குகிறதோ அதைப் பொறுத்தே உருவம் அமையும். மொழியிலும் அத்தகைய நீக்கம் உண்டு. ‘நல்ல மனிதன்’ என்னும் தொடரில் மனிதன் நீங்க, ‘நல்லவன்’ எஞ்சுகிறான். அடையாக நின்ற பண்பே பெயராகிவிடுகிறது.

ஜெர்மானிய மொழியிலும் இவ்வழக்கு உண்டு. ‘ஆல்ட்’ என்பது முதுமையும் பழமையும் குறிக்கும் அடைச்சொல். ‘டெர் ஆல்டே’ முதியவன். ‘டீ ஆல்டே’ முதியவள். ‘டாஸ் ஆல்டே’ பழையது. தமிழில் விகுதி காட்டும் பாலை அங்கே முன்னிற்கும் சிறுசொல் காட்டுகிறது. பெயர் என்பதற்கு அடையாளமாக முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குவர். ஆயினும் அடைச்சொல்லுக்குரிய ஈற்றுத் திரிபு அதனை விட்டு அகலுவதில்லை.

தமிழிலோ இச்சொல் வினையின் இயல்பை விடுவதில்லை. ‘அவர் பெரியர்’ என்புழிக் குறிப்பு வினைமுற்று. ‘பெரியரைப் போற்றுக’ என்புழி வினையாலணையும் பெயர். தொல்காப்பியர் வினைக்குறிப்பை வினையியலில் வைத்தமை நினைக்கத்தக்கது.

நீக்கப்பட்ட மனிதர் யாரென்பதை இடமே உணர்த்தும். வள்ளுவர் 45ஆம் அதிகாரத்தில் ‘பெரியார்’ என்றது அறத்தில் முதிர்ந்த அறிவுடையாரை. 90ஆம் அதிகாரத்தில் அதே சொல் ஆற்றல் மிக்காரைச் சுட்டுகிறது. கார்ல் கிரௌல் 1856இல் லைப்சிக்கில் குறளின் ஜெர்மன் பெயர்ப்பை வெளியிட்டார். அத்தகைய பெயர்ப்பாளர்க்குப் பண்புப்பெயரை ஆக்கும் வழி அவர்தம் மொழியிலேயே இருந்தது. அதனுள் மறைந்த மனிதரைக் காண்பதே அரிய பணி.

உயர்ந்த பண்பு பெயரானால் மனிதர் உயர்வர். குறை பெயரானால்? ‘குருடன்’, ‘செவிடன்’ என்னும்பொழுது ஒருவரின் கல்வியும் காதலும் தொழிலும் மறைந்து, குறை ஒன்றே ஆளாக நிற்கிறது. ‘ஊனமுற்றோர்’ என்பதில் மதிப்பு விகுதி இருந்தும் அந்நிலை மாறவில்லை. அதனிடத்தில் இன்று ‘மாற்றுத்திறனாளி’ வழங்குகிறது. ஜெர்மானியர் பலர் வேறு வழி கண்டனர். குறையைப் பெயராக்காது, ‘ஊனம் உடைய மனிதர்’ என்னும் பொருளில் எழுதுகின்றனர். தமிழ் பண்பை மாற்றியது. ஜெர்மன் நீக்கிய மனிதரை மீட்டது.

அறியாமைக்கு உவமையாகக் ‘குருடன்’ என்றெழுதும் கவிஞர், அக்கவிதையைக் காதால் கேட்கும் ஒருவரையும் எண்ணுதல் வேண்டும். சொற்சுருக்கம் கவிதைக்கு அழகு. அச்சுருக்கத்தில் விடுபடுவது சொல்லா, மனிதரா என்று ஒருமுறை நோக்குவது கவிஞர் கடன்.