பழைய டீசல் காரும் இன்றைய இளைஞரும்

சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும் குடியமர்ந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அண்மைக் காலமாக ஒரு வழக்கு நடைபெற்று வருகிறது. வாதி தந்தை, பிரதிவாதி மகன், சில வீடுகளில் மகள். படித்து முடித்து வேலையில் அமர்ந்த அந்த இளைஞர், முதற் சம்பளங்களைச் சேர்த்து வைத்து, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த டீசல் கார் ஒன்றை வாங்க விரும்புகிறார். "தவணை கட்டிப் புது வண்டி வாங்கலாமே, இந்தத் தகர டப்பாவில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்கிறார் தந்தை. நேயர்களே, அந்தக் கேள்வியைத்தான் நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

சிக்கனம் என்பதே பிள்ளைகள் முதலில் சொல்லும் காரணம். ஒரு காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. 2012-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாயைக் கடந்திருந்தது; டீசலோ ஏறத்தாழ 41 ரூபாய். அந்த இடைவெளியை நம்பியே நாடெங்கும் டீசல் கார்கள் பெருகின. ஆனால், 2014 அக்டோபரில் டீசல் விலை மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஜூன் 24 அன்று தில்லியில் டீசல் விலை பெட்ரோல் விலையையே முந்திவிட்டது. பின்னர் அது மீண்டும் கீழே இறங்கியது உண்மை. எனினும், பழைய லாபம் திரும்பவில்லை. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருவர் எரிபொருளில் மிச்சம் பிடிப்பதை, ஒரு முறை பம்பும் நாசில்களும் கழற்றிப் பழுதுபார்த்தால் அந்தச் செலவு விழுங்கிவிடும். கணக்கு அறிந்த இளைஞருக்கு இது தெரியாததல்ல. தந்தையிடம் சொல்வதற்கு ஒரு நியாயம் வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறார்.

மெய்யான காரணத்தை எஞ்சின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. காற்றை அதன் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகும்வரை நசுக்கினால், அது தானே பழுக்கக் காய்ந்துவிடுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் பற்றிக்கொள்கிறது. தத்துவம் இவ்வளவே. பழைய வண்டிகளில் இந்த எண்ணெயை அளந்து, உரிய நொடியில், உரிய அழுத்தத்தில் அனுப்பும் வேலை முழுவதையும் இரும்பாலான ஒரு பம்ப் செய்தது. அதில் மின்னணுவும் இல்லை, கணிப்பொறியும் இல்லை. பாட்டரி ஓய்ந்து போனாலும் நான்கு பேர் தள்ளினால் வண்டி கிளம்பும். சில ஜீப்புகளில் எஞ்சினை நிறுத்துவதற்குக்கூடச் சாவி பயன்படாது. அதற்கென உள்ள குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும்.

பகல் முழுவதும் கணிப்பொறித் திரையின் முன் அமர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத எதையோ யாருக்கோ செய்து கொடுத்துச் சம்பளம் பெறுகிற இளைஞருக்கு, இப்படிப்பட்ட ஒரு பொருள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மூத்த தலைமுறை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்து வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'ஏர் லாக்' என்று லாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஃபில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்த அழுத்த, முதலில் நுரை நுரையாக வரும். பிறகு தெளிந்த எண்ணெய் வரும். திருகை இறுக்கினால் வண்டி உயிர் பெற்றுவிடும். குற்றம் இன்னதென்று தெரிந்து, அதைக் கையாலேயே நீக்கி, பலனை அக்கணமே காதால் கேட்பது என்னும் இன்பம் இன்றைய உத்தியோகங்களில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? புதிய வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால், அதன் காரணத்தை அறியவும் நிறுவனத்தின் பணிமனைக்குப் போய்க் கருவியைப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பணம் கட்டி வாங்கிய பொருளே நம்மிடம் பேச மறுக்கிறது.

பழைய டீசல் அனைத்தும் இவ்விதம் எளிமையானவை என்று எண்ணிவிடவும் கூடாது. மாரிசன் ஆக்ஸ்ஃபோர்டு அல்ல, மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கிலக் காரின் வழிவந்த அம்பாஸடரில் பொருத்தப்பட்ட 1,489 கன செண்டிமீட்டர் டீசல் எஞ்சின், நாற்பது குதிரைத்திறனும் எட்டாத சாதுப் பிராணி. அதைத் திண்ணையில் வைத்தே கழற்றிப் பூட்டலாம். மகிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ டீசலும் ஏறத்தாழ அதே இனம். ஆனால், 2007-இல் மாருதி ஸ்விஃப்டில் வந்த ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் எஞ்சின் வேறு தலைமுறையைச் சேர்ந்தது; அதில் எண்ணெய் தூவுவதை ஆள்வது கணிப்பொறிதான். பல நிறுவனங்களின் கார்களிலும் அதுவே இடம்பெற்றதால், அதை 'தேசிய எஞ்சின்' என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலில் டீசல் கார்களையே கைவிட்டபின், சிறிய டீசல் கார் என்பது அருகிப்போன சரக்காகிவிட்டது. இனி வாராது என்று தெரிந்த பொருளின் மீது இளைஞருக்கு மோகம் பிறப்பது புதிதல்ல.

தமிழருக்கு இதில் தனியான ஓர் உறவும் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரிப் பகுதி லாரிகள் போகாத மாநிலம் இல்லை. பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பம்பும் நாசிலும் நம் சிற்றூர்களில் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டன. 2008-இல் அந்நிறுவனம் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பின்னும், நம் ஊர்ப் பக்கத்து மெக்கானிக்கின் வாயில் அது மைக்கோதான். பம்ப் பழுதுபார்க்கும் அறையில் மேசைமேல் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி, ஒவ்வொரு நாசிலும் சமமாக எண்ணெய் கொடுக்கிறதா என்று அளந்து பார்க்கும் காட்சியைச் சிறு வயதில் கண்டவர், பின்னாளில் மருத்துவரானாலும் மறப்பதில்லை. அந்தத் தொழில் அறிந்தவர்கள் இன்று மூப்படைந்து வருகிறார்கள். தில்லியில் பழைய வண்டி வைத்திருக்கும் தமிழ் இளைஞர் ஞாயிறுதோறும் ஓர் 'உஸ்தாத்'தின் பட்டறையில் காத்துக் கிடந்து, உடைந்த இந்தியில் பாடம் கேட்கிறார். "முதலில் காதால் கேள், பிறகு ஸ்பானரை எடு" என்பது போன்ற உபதேசங்கள் எந்தக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை. அந்த இளைஞர் வண்டியோடு சேர்த்து ஒரு குருவையும் பெறுகிறார் என்பதே நம் அபிப்பிராயம்.

வாடகை வீட்டில் இருக்கும் வெளியூர்வாசிக்குச் சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். கார் ஒன்றுதான் அவர் தம் இஷ்டப்படி மாற்றவும் திருத்தவும் கூடிய சொத்து. தவிர, ஊருக்குப் போகும் கனவு ஒன்று இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தில்லி, ஆக்ரா, ஜான்சி, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் வழியாக ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சேலம், மதுரை, திருநெல்வேலி கடந்து கன்னியாகுமரியில் முடிகிறது. ஒரே சாலையில், தாழ்ந்த சுருதியில் முனகிக்கொண்டு செல்லும் டீசல் காரில், ரயில் டிக்கெட்டுக்குக் கையேந்தாமல் ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால், இந்த ஆசைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று 2012 ஜூனில் வகைப்படுத்தியது. காற்றோடு முற்றக் கலவாத எண்ணெய்த் துளிகளே கரித்துகளாகின்றன. 2020-இல் நடைமுறைக்கு வந்த பாரத் 6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில் அத்துகள்களைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி உண்டு. பழைய வண்டிகளில் இல்லை. "என் வண்டியில் புகையே வருவதில்லை" என்று இளைஞர்கள் பெருமைப்படுவதுண்டு. நுரையீரலின் அடிவரை செல்லும் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவினது. மார்கழிக் குளிரில் தில்லிக் காற்று அசையாமல் நிற்கும்போது, கார் வைத்திருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். சாலையோரத்தில் சோளம் சுடும் கிழவிக்கு ஏற்றிக்கொள்ளக் கண்ணாடி ஏது?

இதை முன்னிட்டே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடலாகாது என்று உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதி, இத்தகைய வண்டிகளுக்குப் பங்குகளில் எண்ணெய் ஊற்றக் கூடாதென்று வந்த ஏற்பாடு சில நாட்களிலேயே எதிர்ப்பினால் நின்றது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பாரத் 4 தரமும் அதற்கு மேற்பட்டதுமான வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆகவே, நாம் மேலே புகழ்ந்த கைவேலை எஞ்சின்களுக்கு அங்கே நிழல் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே தில்லியில் இவற்றின் விலையை வீழ்த்தி, இளைஞரின் கைக்கு எட்டும்படி செய்தது.

ஐம்பது ஆண்டு நிறைந்த கார்களைப் பழம்பொருளாகப் பதிந்து வைத்துக்கொள்ள 2021-இல் விதிகள் வந்தன. பத்துக்கும் ஐம்பதுக்கும் இடையில் ஒரு வண்டி என்ன செய்வது? ஆண்டில் சில நாட்கள் மட்டும், குளிர்காலம் நீங்கலாக, ஓட்டிக்கொள்ள ஓர் அனுமதி இருந்தால் காற்றுக்கும் கேடில்லை, கைத்தொழிலும் பிழைக்கும் என்பது நம் எண்ணம். எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு வழி காட்டப்பட்டது. டீசல் பிரியரிடம் அதைச் சொல்வது, நாகஸ்வர வித்வானிடம் ஒலிப்பதிவு நாடாவை நீட்டுவது போலத்தான். நெரிசல் மிக்க நகரில் அலுவலகத்துக்கு நாள்தோறும் போய்வர இந்த வண்டி ஆகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கு மெட்ரோ ரயில் இருக்கிறது.

தடையில்லாச் சான்று பெற்றுத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர், அங்கே மீண்டும் பதிவு செய்யவும் வரி கட்டவும் வேண்டும் என்பதையும், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குத் தகுதிச் சான்றும் பசுமை வரியும் உண்டு என்பதையும் வாங்குமுன்பே கணக்கில் சேர்க்க வேண்டும். பார்க்கப் போவது விடியற்காலையாக இருக்கட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஒரே முயற்சியில் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். விடாமல் வரும் கரும்புகை நாசிலின் குற்றம். நீலப்புகை உள்ளே எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதற்கு அடையாளம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று எழுமானால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்று கொள்ளலாம். நாம் போய்ச் சேருமுன்பே விற்பவர் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், விலை பேசாமல், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவது நல்லது.