கடல் பஞ்சும் பூசணமும்



ஊறுகாய் ஜாடியில் பூசணம் பிடித்தால் என்ன செய்வீர்கள்? தூக்கி எறிவீர்கள். சரிதான். அதைச் சாப்பிடக் கூடாது. ஆனால் எல்லாப் பூசணமும் கெட்டதல்ல. பெனிசிலின் ஊசி தெரியுமல்லவா? 1928இல் ஒரு பூசணத்தில் கண்டுபிடித்த மருந்து அது.

இப்போது கடலுக்குள் போவோம். அங்கே கடல் பஞ்சு என்று ஓர் உயிர் இருக்கிறது. பார்த்தால் செடி போல இருக்கும். ஆனால் அது விலங்கு. அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, கால் இல்லை. உடம்பு முழுக்க ஓட்டைகள். பாறையில் ஒட்டிக்கொண்டு, கடல் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டித் தின்னும். நம் இராமேசுவரம், தூத்துக்குடிக் கடலிலும் உண்டு.

எதிரி வந்தால் இதனால் ஓட முடியாது. அதனால் உடம்பில் நஞ்சு வைத்திருக்கிறது. அந்த நஞ்சு புற்றுநோயை, அதாவது கேன்சரைக் கொல்லுமா?

1951இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடல் பஞ்சில் கிடைத்த ஒரு பொருளைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதினார்கள். அதை மாதிரியாக வைத்துச் செய்த மருந்துதான் சைட்டராபின். 1969இல் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது. இன்றும் ரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். ஜப்பானில் 600 கிலோ கடல் பஞ்சை அரைத்து வடித்தார்கள். கிடைத்த மருந்துப் பொருள் எவ்வளவு? 12.5 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடைகூட வராது! கடலையே சுரண்டினாலும் போதுமா?

இங்கேதான் பூசணம் வருகிறது. பஞ்சின் ஓட்டைகளில் கிருமிகளும் பூசணமும் குடியிருக்கின்றன. சில பொருள்களைச் செய்வது வீட்டுக்காரர் அல்ல, குடியிருப்பவர்தான்! ஆகவே பஞ்சில் சின்னத் துண்டு போதும். அதைக் கழுவி, கடல்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் வைப்பார்கள். நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்கிறார்களே, அதே மாதிரிக் கடல்பாசிதான். சில நாளில் பூசணம் படரும். பிறகு பெரிய பெரிய தொட்டிகளில் வளர்க்கலாம்.

பெங்களூருக்கு இந்த வேலை புதிதல்ல. இங்குள்ள பயோகான் கம்பெனி, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தைப் பூசணம் வளர்த்தே எடுத்தது.

அப்படியானால் புற்றுநோய் மருந்து ஏன் இன்னும் வரவில்லை? தட்டில் இருக்கும் புற்று அணுவைக் கொல்வது எளிது. மனித உடம்பில் நல்ல அணுக்களும் இருக்கின்றனவே! அவை சாகக் கூடாது. முதலில் எலி, பிறகு மனிதர் என்று சோதனைகள் நீளும். கடல் பூசணத்தின் பொருளைப் பார்த்துச் செய்தது பிளினாபுலின். புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளை அணுக்கள் குறையாமல் காக்க அதைக் கொடுக்க நினைத்தார்கள். 2021இல் அமெரிக்க அதிகாரிகள், இன்னொரு சோதனை செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடல் பஞ்சின் பூசணத்தில் எடுத்த புற்றுநோய் மருந்து எதுவும் இன்னும் கடைக்கு வரவில்லை. யாராவது அப்படிச் சொல்லிப் பொட்டலம் விற்றால், அது பொய். உடம்பில் ஆறாத புண்ணோ, கரையாத கட்டியோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். டெய்ரி சர்க்கிள் பக்கத்தில் கித்வாய் ஆஸ்பத்திரி இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே உள்ள அரசு ஆஸ்பத்திரி அது. போகும்போது பழைய சீட்டுகளையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.